பதினொரு தட்டு மிச்சம்

பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதற்கு முன் பத்தொன்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தேன். ஒரு மழைநாளில் கொழுந்து மூட்டையோடு மலையிலிருந்து இறங்கும்போது தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது. கை மட்டும் பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை. கொழுந்துக்கு இரண்டு கையும் ஓடவேண்டும். தோட்டத்தில் என்னைப் பிள்ளைக் காம்பராவுக்கு மாற்றினார்கள். தாய்மார் மலையில் நிற்கும் நேரத்தில் அவர்களுடைய சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. மேற்பார்வைக்கு ஒரு டீச்சர் இருந்தார். சமைப்பது, ஊட்டுவது, கழுவுவது, தூங்கவைப்பது எல்லாம் என் வேலை. பிள்ளைகள் பதினொரு பேர்.

"ஒனக்கென்னா, மழையுமில்ல வெயிலுமில்ல, ஒக்காந்த எடத்துல வேல," என்று நாங்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். அந்த உட்காருதல்தான் என்னைப் படுத்தியது. பத்தொன்பது வருடம் சரிவில் ஏறி இறங்கிய கால்கள் சிமெந்துத் தரையில் என்ன செய்வதென்று தெரியாமல் துடித்தன. பிள்ளைகள் தூங்கும் மத்தியானத்தில் ஒரு ஈ பறந்தாலும் எழுந்து நிற்பேன். ஜன்னலுக்குப் போவேன், அடுப்பிருக்கும் குசினிக்குப் போவேன், திரும்ப ஜன்னலுக்கு வருவேன். குசினிக்குப் போன ஒவ்வொரு தடவையும் எதையாவது எடுத்து வாயில் போட்டேன்.

எடுப்பதற்கு எப்போதும் ஏதாவது இருந்தது. காலையில் தாய்மார் கொடுத்துவிடும் ரொட்டியை எந்தப் பிள்ளையும் முழுதாகத் தின்னாது. பத்து மணிக்கு ஊற்றும் கீரைக்கஞ்சியில் கால் கோப்பை நிற்கும். பகல் சோற்றில் நடுக்குழி மட்டும் தோண்டப்பட்டிருக்கும். மூன்று மணிக்குப் பால்தேத்தண்ணீரில் பிஸ்கட் பாதி ஊறிக் கிடக்கும். அதைக் கொட்ட என்னால் முடியாது. நான் பிறந்தது கொஸ்லந்தைப் பக்கத் தோட்டமொன்றில், ஏழு பிள்ளைகளில் ஐந்தாவதாக. எங்கள் வீட்டில் தட்டைக் கழுவ அவ்வளவு தண்ணீர் தேவைப்படாது. விரலாலேயே வழித்து முடித்திருப்போம். அப்படி வளர்ந்தவளுக்குச் சோற்றைத் தொட்டியில் தட்டுவதென்றால் கை வரவில்லை. தட்டு தட்டாக எடுத்து, நின்றபடியே தின்று, கழுவிக் கவிழ்த்தேன். அதைச் சாப்பாடு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. துப்புரவு வேலையில் அதுவும் ஒரு பகுதி.

இதற்கு மேல் என் வீட்டுக்காரர். அவருக்கு எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஒரு கெஸ்ட்ஹவுஸ் குசினியில் வேலை. புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும்தான் வீட்டுக்கு வருவார். வரும்போது கையில் பார்சல் இருக்கும். வெட்டிய பின் யாரும் கேட்காத கேக், அளவுக்கு மிஞ்சிப் பொரித்த கிழங்கு, பனிஸ், சில நாளில் ஒரு டப்பா நிறைய ஃப்ரைட் ரைஸ். எங்கள் மகள் கல்யாணமாகி வெலிமடைப் பக்கம் போய்விட்டாள். பார்சலைப் பிரிக்க நான் ஒருத்திதான். அவர் எதிரில் உட்கார்ந்து நான் தின்பதைப் பார்ப்பார். "எப்படி?" என்பார். அவர் வாழ்க்கையில் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஆறு வருடத்தில் என் உடம்பு எனக்கே அடையாளம் தெரியாமல் போயிற்று. ரவிக்கைகளைப் பிரித்துத் தைத்தேன், பிறகு பிரிக்கத் துணி இல்லாமல் போயிற்று. கல்யாண மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழற்றி அலமாரியில் வைத்தேன். தரையில் உட்கார்ந்தால் எழ ஒரு பிள்ளையின் மேசையைப் பிடிக்கவேண்டியிருந்தது. பிறகு வலது முழங்கால் வீங்கியது. ஒரு காலையில் படியிறங்க முடியாமல் நின்றபோதுதான் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே தராசு எண்பத்தாறு காட்டியது. இரத்தத்தில் சீனியும் எல்லையில் நின்றது. டொக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு என்னை ஒரு தாதியிடம் அனுப்பினார். தாதியும் ஒரு தோட்டத்துப் பிள்ளை. என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

"ஒரு நாளைக்கு என்னாக்கா சாப்புடுறீங்க?"

"காலைல ரெண்டு ரொட்டி. பகலைக்குக் கொஞ்சம் சோறு. ராவைக்கு ரெண்டு ரொட்டி. அவ்வளவுதான் மிஸ்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப இந்த எட காத்துலயா வந்துச்சு?"

எனக்குக் கோபம் வந்தது. சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை. நான் சாப்பாடு என்று நினைத்ததையெல்லாம் சொல்லிவிட்டேன்.

"ஆறு மாசத்துல அஞ்சாறு கிலோ கொறஞ்சா அந்தக் காலுக்குப் போதும். பட்டினி மட்டும் கெடக்காதீங்க," என்றார். முதல் பாதி காதில் விழுந்தது. இரண்டாம் பாதி விழவில்லை.

அடுத்த வாரம் தவக்காலம் தொடங்கியது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளை விடுவது வழக்கம். அந்த வருடம் நான் நாற்பது நாளையும் வெள்ளிக்கிழமையாக்கினேன். காலையில் வெறும் பிளேன்டீ, பகலுக்கு ஒன்றுமில்லை, பொழுது சாய்ந்து ஒரு ரொட்டி. கடவுளுக்காக என்று லயத்தில் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் தராசுக்காக என்று எனக்குத் தெரியும். அந்தக் கூச்சம் பசியோடு சேர்ந்து என்னைப் பிடுங்கியது. வாரா வாரம் தோட்டத்து டிஸ்பென்சரித் தராசில் ஏறினேன். முள் இறங்கியது. இறங்க இறங்க எனக்கு வெறி பிடித்தது. தூக்கம் போயிற்று. பிள்ளைகள் சிரித்தால் தலை வலித்தது.

அப்போது மிச்சச் சோற்றையும் நான் தொடவில்லை. ஆனால் கொட்டவும் முடியவில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். பிள்ளைகளையே முழுதாகத் தின்னவைத்தேன். போட்டதைத் தின்னாமல் யாரும் எழக்கூடாது என்றேன். ஒவ்வொருத்தருக்கும் எதிரில் குந்தி, வாயைத் திறக்கச் சொல்லி, உருட்டி உருட்டித் திணித்தேன். ஒரு பருக்கை மிஞ்சாமல் பதினொரு தட்டும் காலியாகும்போது எனக்குள் ஒரு நிம்மதி வரும். அதை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். மெதுவாகத் தின்பவள். ஒரு வாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். ஐந்தாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவளுக்கு நான் கடைசி மூன்று வாயைக் கண்ணீரோடு ஊட்டினேன். கண்ணீர் அவளுடையது. மூன்றாவது வாய் உள்ளே போகுமுன் எல்லாம் வெளியே வந்துவிட்டது. சட்டை, பாய், என் மடி, எல்லாம் வாந்தி. அந்த நேரம் பார்த்து அவளுடைய அம்மா பகல் கொழுந்தை எடைபோட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்க்க வந்து வாசலில் நின்றாள்.

அவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் பறித்திருக்கிறோம். சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலேயே உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கினாள்.

"என்னாக்கா செஞ்சீங்க?"

"மிச்சம் வச்சா... திங்கச் சொன்னேன்."

"திங்கச் சொன்னீங்களா, திணிச்சீங்களா? நாலு நாளா வீட்டுல தட்டப் பாத்தாலே அழுவுறா. ஏன்னு தெரியாம நான் மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனேன்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க பட்டினி கெடக்குறதுக்கு எம் புள்ள ஏங்கா வாந்தி எடுக்கணும்?"

பாயைக் கழுவினேன். டீச்சர் வந்து விசாரித்தார், நடந்ததைச் சொன்னேன். இனி இப்படிச் செய்தால் மேலே எழுதவேண்டிவரும் என்றார்.

தவக்காலம் முடிந்தபோது நான் எழுபத்தொன்பது. உயிர்த்த ஞாயிறன்று கோயிலிலிருந்து வந்து, வீட்டுக்காரர் கொண்டுவந்த கேக்கில் பாதியை நின்றபடியே தின்றேன். அன்றைக்கு வாய் திறந்தது, பிறகு மூடவே இல்லை. நாலு மாதத்தில் எண்பத்தெட்டு. தொடங்கியதைவிட இரண்டு கிலோ கூட. முழங்கால் முன்னைவிட மோசம். அந்தத் தாய் என்னோடு பேசுவதில்லை. காலையில் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு டீச்சரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவாள்.

அந்த மாதங்களில் தாதி கேட்டது மனதில் குடைந்துகொண்டே இருந்தது. காற்றிலா வந்தது? ஒரு திங்கட்கிழமை குசினியில் பெரிய அலுமினியச் சட்டி ஒன்றை எடுத்து அடுப்போரம் வைத்தேன். இன்றைக்கு ஒரு நாள், என் வாய்க்குப் போகவேண்டியதையெல்லாம் இதில் போடுவது என்று முடிவெடுத்தேன். ரொட்டித் துண்டுகள் போயின. கஞ்சி அடிகள் போயின. உப்புப் பார்க்க எடுக்கும் பருப்புக் கரண்டி, வெந்ததா என்று பார்க்கும் கிழங்குத் துண்டு, சட்டியோரத்துத் தேங்காய்ப்பால், எல்லாம். பகல் தட்டுகள் பதினொன்று. பிஸ்கட்கள். நாலு மணிக்குப் பார்த்தேன். சட்டி விளிம்புவரை நின்றது. மலைக்குப் போய்வந்த ஒரு ஆளுக்கு இரண்டு வேளை பசியாறக் காணும்.

அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. இத்தனையும் தினம் எனக்குள் போயிருக்கிறது, நான் ஒரு வாய் சோறுகூட ருசித்துத் தின்றதாக ஞாபகம் இல்லை. சட்டியைக் கொண்டுபோய்ப் பக்கத்து லயத்துக் கோழிகளுக்குக் கொட்டினேன். கை அப்போதும் கூசியது. ஆனால் கொட்டினேன்.

அடுத்த கிளினிக்கில் அந்தத் தாதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பிள்ளை வாந்தி எடுத்தது உட்பட. அவர் கண்டிக்கவில்லை. தேத்தண்ணீர் எத்தனை கோப்பை என்று கேட்டார். ஏழு என்றேன். சீனி? இரண்டு கரண்டி, பெரிய கரண்டி.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல விட்டா நீங்க திரும்பவும் புடிச்சுக்குவீங்க. ஒண்ண மாத்துங்க. அது பழகுனாப் பொறவு இன்னொண்ணு," என்றார். "மொதல்ல ஒங்களுக்குன்னு ஒரு தட்டு எடுங்க. ஒக்காந்து சாப்புடுங்க."

உட்கார்ந்தா? அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் உட்கார்ந்து சாப்பிட்டது விசேஷ வீடுகளில் மட்டும்தான். பிள்ளைகள் வட்டமாக உட்காரும் பாயில் நானும் ஒரு தட்டோடு உட்கார்ந்தேன். பாதித் தட்டு கீரையும் காயும், மீதியில் சோறும், பருப்போ முட்டையோ நெத்தலியோ ஒரு ஓரத்திலும். முதல் வாரம் நாலு வாய்க்கு ஒருமுறை எழுந்தேன். ஒன்றுமில்லாததற்கெல்லாம் எழுந்தேன். பிள்ளைகளில் ஒன்று, "ஆயாம்மா, ஒக்காரு," என்று என் சேலையைப் பிடித்து இழுத்தது.

பிள்ளைகளுக்குப் போடுவதையும் மாற்றினேன். முதலில் மூன்று கரண்டிக்குப் பதில் ஒரு கரண்டி. வேண்டுமென்றால் கேட்கலாம், எத்தனை தடவையும் கேட்கலாம். வேண்டாமென்றால் எழுந்து போகலாம். இரண்டு வாரத்தில் தட்டுகளில் மிஞ்சுவது ஒரு கைப்பிடிகூட இல்லை. அதைக் கோழிக்குப் போட எனக்குப் பெரிய வருத்தம் வரவில்லை. சமைப்பதையும் குறைத்தோம். இத்தனை வருடமும் நான்தான் கூடப் போட்டிருக்கிறேன், மிஞ்சட்டும் என்று.

சீனி அடுத்தது. இரண்டு கரண்டி ஒன்றரையாகி, ஒன்றாகி, அரையாக மூன்று மாதம் பிடித்தது. ஏழு கோப்பை நாலானது. கோதுமை மாவு ரொட்டியில் பாதிக்குக் குரக்கன் மா சேர்த்தேன். இரவில் நாலு ரொட்டியல்ல, இரண்டு. முன்பும் இரண்டுதான் என்று சொன்னேனே, அது அடுப்படியில் நின்றபடி தின்ற இரண்டைச் சேர்க்காத கணக்கு.

ஆனால் அந்த மத்தியானங்கள்! பிள்ளைகள் தூங்கிவிடும். தகரக் கூரை படபடக்கும். என் கை எதையோ தேடும். வாய் தேடுவதைவிடக் கை தேடுவது பொல்லாதது. துணி மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். பிறகு வெளியே இறங்கிக் கட்டடத்தைச் சுற்றத் தொடங்கினேன். திறந்த ஜன்னல்கள் வழியாகப் பிள்ளைகளைப் பார்த்தபடி ஒரு சுற்று, இன்னொரு சுற்று. முதல் நாள் ஆறு சுற்றில் முழங்கால் போதுமென்றது. இரண்டு மாதத்தில் இருபது. அப்படியும் அடங்காமல் பின்பக்கம் மண்ணைக் கொத்தி வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் வைத்தேன். ஒரு தடவை பன்றி வந்து எல்லாவற்றையும் கிளறிப் போட்டது. திரும்ப வைத்தேன்.

வேலை முடிந்ததும் குறுக்குப் பாதையால் நேரே லயத்துக்கு இறங்காமல் ரோட்டைச் சுற்றி நடந்தேன். போகிற த்ரீவீல்காரர்கள் எல்லாரும் நிறுத்தினார்கள். "ஏறுங்கக்கா, சும்மாதான் போறோம்." வேண்டாமென்றால் முகம் கோணினார்கள். எங்கள் பக்கத்தில் வழியில்லாதவர்கள்தான் நடப்பார்கள். எடை கொஞ்சம் குறைந்ததும் அடுத்த பேச்சு வந்தது. பைப்படியில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்: "சீனி வியாதி முத்திப் போச்சாம். பாரு, கழுத்தெல்லாம் எறங்கிருச்சு." அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. குண்டாக இருந்தபோது யாரும் என்னை நோயாளி என்று சொல்லவில்லை.

வீட்டுக்காரரோடு சண்டை ஒரு புதன்கிழமை வந்தது. அதுவரை பார்சலை வாங்கிக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குக் கொடுத்துவந்தேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நான் சொமந்துட்டு வர்றது, ஊருக்குக் குடுக்கவா?"

"எனக்கு வேணாங்க. சொன்னேன்ல, ஆஸ்பத்திரில..."

"ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி. ஒரு துண்டு கேக் தின்னா செத்துருவியா?"

"ஒரு துண்டோட என்னால நிறுத்த முடியாதுங்க. முடிஞ்சா நிறுத்தியிருக்க மாட்டேனா?"

அவர் பார்சலை மேசையில் வைத்துவிட்டு வாசல் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தே சொன்னார்: "வாரத்துல ரெண்டு நாளு வர்றேன். வெறுங்கையோட எப்படி வர்றது?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த ஞாயிறு அவர் வெறுங்கையோடுதான் வந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டு விட்டு எடுத்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அங்க வெள்ளக்காரங்களுக்குக் காய்கறில என்னமோ செய்வீங்களாமே, அத எனக்குச் செஞ்சு குடுங்களேன்," என்றேன்.

அவர் இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் கத்தியைத் தொட்டதில்லை. அடுத்த புதன்கிழமை கேரட், பீட்ரூட், வெள்ளரி, ஒரு கட்டு லெட்டிஸ் வாங்கிக்கொண்டு வந்து பலகையில் வைத்து நறுக்கினார். அவ்வளவு வேகமாக ஒருவர் நறுக்கி நான் பார்த்ததில்லை. அவித்த கடலையைப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, மிளகு தூவினார். "எப்படி?" என்றார். முதல் தடவை எனக்குப் பிடிக்கவில்லை, மாட்டுத் தீவனம் மாதிரி இருந்தது. சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். மறுதடவை கொஞ்சம் கருவாடு பொடித்துச் சேர்த்தார். அது நன்றாக இருந்தது.

அந்தப் பிள்ளையின் தாய் பேச ஒரு வருடமாயிற்று. ஒரு காலையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவள் திரும்பி வந்தாள். "வீட்டுல ரெண்டாந் தடவ போடச் சொல்லிக் கேக்குறாக்கா," என்றாள். நான் வாசலுக்கு வருவதற்குள், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டாள். அதன்பிறகு பார்த்தால் தலையசைப்பாள். பழைய மாதிரி இல்லை. பழைய மாதிரி ஆகவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

ஒன்றரை வருடத்தில் எண்பத்தெட்டு எழுபத்தாறானது. சில மாதம் ஒரு கிலோ, சில மாதம் அரை, சில மாதம் ஒன்றுமே இல்லை. போன நத்தார்ப் பண்டிகைக்கு மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தேன், இரண்டு கிலோ ஏறியிருந்தது. பழைய பயம் வந்தது. மறுநாள் காலையில் ஒன்றும் தின்னாமல் வேலைக்குப் போனேன். பத்து மணிக்குப் பிள்ளைகளின் கஞ்சியில் ஒரு கோப்பை எனக்கும் ஊற்றிக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். அந்த இரண்டு கிலோ இறங்க ஏழு வாரம் எடுத்தது.

இப்போது முழங்கால் தோட்டத்தின் மேல்கணக்குப் பகுதிக்குப் போகும் படிகளில் ஏறுகிறது, இடையில் ஒருமுறை நின்று. சீனி எல்லைக்குக் கீழே வந்துவிட்டது. போன மாதம் கிளினிக்கில் அந்தத் தாதியைக் காணவில்லை. இடமாற்றம் கிடைத்து மொனராகலைக்குப் போய்விட்டாராம். புதிதாக வந்தவர் என் அட்டையைப் புரட்டிவிட்டு, "நல்லா இருக்கீங்க. இனி ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்தாக் காணும்," என்றார். சந்தோஷப்படவேண்டிய செய்தி. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அட்டையை வாங்கிக்கொண்டு மருந்து வரிசையில் போய் நின்றேன். மாதா மாதம் யாருக்காவது பதில் சொல்லவேண்டும் என்பதுதான் என்னைப் பிடித்து வைத்திருந்தது என்று அந்த வரிசையில் நின்றபோதுதான் புரிந்தது.

பதுளைச் சந்தையில் இரண்டு தடவை மேலும் கீழும் நடந்தேன். ஒன்றும் வாங்கத் தோன்றவில்லை. பிறகு பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பயிற்சிக் கொப்பி வாங்கினேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை டிஸ்பென்சரித் தராசில் ஏறுவது, வந்து அந்தக் கொப்பியில் எழுதுவது என்று பஸ்ஸிலேயே முடிவெடுத்தேன். இந்தத் திங்கட்கிழமை ஏறினேன். எழுபத்தாறரை. எழுதியிருக்கிறேன்.